வெட்டிய அட்டைகள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. ஐஸ்கிரீம் அன்று மாலையே தீர்ந்துவிட்டது. டப்பா மட்டும் பதினோரு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதற்குள் மாத்திரைகள் இருக்கும். ஆனால் முழு அட்டை ஒன்றுகூட இருக்காது. நாலு மாத்திரை, மூன்று மாத்திரை, சில சமயம் ஒற்றை மாத்திரை, சுற்றிலும் கத்தரித்த வெள்ளித்தாளோடு. உள்ளே கைவிட்டால் தாளின் முனை விரலைக் கீறும்.

என் கணவர் காட்டுப்பாக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். அதற்கான படிப்பைப் படித்தவர்தான். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரில் தொங்குகிறது. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் தெருப் பெண்கள் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றைத்தான். "உனுக்கு இன்னாம்மா கவல, ஊட்டுக்குள்ளயே டாக்டரு கீறாரு." எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. மற்றவர்கள் காய்ச்சலோடு கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பார்கள். எனக்குப் படுத்த இடத்துக்கு மாத்திரையும் வெந்நீரும் வரும். வெந்நீரை அவரே வைத்துக் கொண்டுவருவார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது முழு உண்மையாக இருக்காது.

தொண்டை கரகரத்தாலும் வயிறு கலங்கினாலும் மூக்கு அடைத்தாலும் அவருடைய வைத்தியம் ஒரே மாதிரிதான். முதலில் நெற்றியில் புறங்கை. "இன்னா பண்ணுது?" என்று ஒரு கேள்வி. பிறகு டப்பா கீழே இறங்கும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல விரலால் தள்ளித் தள்ளி ஒரு துண்டை எடுப்பார். "இத்தப் போட்டுக்கோ. நாளைக்கு சரியாப் பூடும்." பெரும்பாலும் சரியாகத்தான் போனது. காய்ச்சல் விட்டாலும் வைத்தியம் முடியும், கையிலிருந்த துண்டு தீர்ந்தாலும் முடியும். துண்டு முதலில் தீர்ந்துவிட்டால் வேறொரு நிறத்தில் இன்னொரு துண்டு வரும். "கலரு மாறிச்சே?" என்றால், "கம்பெனிதாம்மே வேற, சரக்கு ஒண்ணுதான்" என்பார். நான் அதற்குமேல் கேட்டதில்லை. புருஷன் கையால் மாத்திரை வாங்கிக்கொள்கிறவள் வேறு என்ன கேட்பாள்?

அந்தத் துண்டுகள் எப்படி உண்டாகின்றன என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதித் தருவார். சீட்டோடு கடைக்கு வருகிறவர், "ரெண்டு நாளுக்குக் குடு, அப்பால பாத்துக்கலாம்" என்பார். கத்தரிக்கோல் அட்டைக்குள் பாயும். மருந்தின் பெயர் அட்டையில் ஒரு பக்கம், காலாவதித் தேதி இன்னொரு முனையில். தேதி இருந்த முனை வெட்டுப்பட்டுப் போன மீதி அட்டையை விவரமான ஆட்கள் வாங்கமாட்டார்கள். மருந்து சப்ளை செய்கிறவரும் முழு அட்டையைத்தான் திரும்ப எடுத்துக்கொள்வார், வெட்டியதைத் தொடமாட்டார். குப்பையில் போட இவருக்கு மனசு வராது. அதனால் அது எங்கள் டப்பாவுக்கு வரும். இதெல்லாம் எனக்கு முதலிலிருந்தே தெரியும். மளிகைக் கடைக்காரர் வீட்டில் உடைந்த பிஸ்கட் சாப்பிடுவார்கள், பழக்கடைக்காரர் வீட்டில் அடிபட்ட ஆப்பிள் சாப்பிடுவார்கள், நம் வீட்டில் இது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குப் போவது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு. வண்டி இஞ்சினில் எண்ணெய் கசியாமல் இருக்க உள்ளே ரப்பர் வளையங்கள் போடுவார்கள், அதைச் செய்கிற சின்னத் தொழிற்சாலை. கடைசிச் சோதனை மேஜை என்னுடையது. மேஜைமேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு இருக்கும். ஒவ்வொரு வளையமாக அதன் அடியில் பிடித்து, விரலால் உருட்டி, வெடிப்பு இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது பச்சைத் தட்டுக்கு, கெட்டது சிவப்புத் தட்டுக்கு. பெட்டி நிறைந்ததும் என் எண் பொறித்த ரப்பர் ஸ்டாம்பை அதன்மேல் குத்துவேன். ஒன்பது வருஷமாக என் ஸ்டாம்பு விழுந்த பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னவர். புது ஆட்களிடம் என்னைக் காட்டி, "அக்காவுக்குக் கழுகுக் கண்ணு" என்பார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு, இது நான் என்று காட்ட இருந்தவை அந்த ஸ்டாம்பும் இந்த இரண்டு கண்ணும்தான்.

அந்த மேஜையில் ஒரு விதி உண்டு. தரையில் கிடந்ததோ, பழைய பெட்டியின் அடியில் தங்கியதோ, எந்த லாட்டை, அதாவது எந்தத் தடவை செய்த சரக்கைச் சேர்ந்தது என்று தெரியாத வளையம் கையில் வந்தால் அது நேராகச் சிவப்புத் தட்டுக்குப் போக வேண்டும். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. புதிதாக வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். "எந்த லாட்டுன்னு தெரியாதது எதுவும் உள்ள போவக்கூடாது." எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கண்ணில் உறுத்தல் ஆரம்பித்தபோது எங்கள் சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பூந்தமல்லி சாலை முழுக்கப் புழுதி. பஸ்ஸில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள், நானும் கசக்கினேன். பிறகு தூண் வேலை முடிந்து புழுதி அடங்கியது. மற்றவர்கள் கசக்குவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் இமைக்கு அடியில் யாரோ மணலைக் கொட்டிவிட்டுப் போனது அப்படியே இருந்தது. காலையில் இமை பிரிவதற்கே நேரமாகும். பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டால் கண்ணுக்குள் மிளகாய் பட்ட மாதிரி எரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். கொஞ்சம் காற்று பட்டால் போதும். ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், கன்னமெல்லாம் ஈரம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த ஊட்லம்மா பிரச்சன இல்ல? மனச உட்றாத. உன் புள்ளைங்க மூஞ்ச நெனச்சிக்கோ" என்றாள். எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, கண்ணுதான் இப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் தன் மாமியார் கதையைத் தொடங்கிவிட்டாள். குமணன்சாவடியில் இறங்கும்போது பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அவர் கடையிலிருந்து சொட்டு மருந்து கொண்டுவந்தார். விட்டதும் சிவப்பு போகும், இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். "இன்ஃபெக்‌ஷன் ஏதோ உள்ளுக்குள்ள கீது போல" என்று டப்பாவையும் இறக்கினார். மூன்று மாத்திரை ஒரு வாரம், வேறு நாலு மாத்திரை இன்னொரு வாரம். அந்தச் சமயத்தில் எனக்கு வயிறும் சரியில்லை. சாப்பிட்டதும் உப்பிக்கொள்ளும், இரண்டு நாள் போகாது, மூன்றாம் நாள் நிற்காது. கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அதற்கும் டப்பாவில் ஒரு துண்டு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, என் ஸ்டாம்பு விழுந்த பெட்டி ஒன்று திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதை என் மேஜையில் வைத்து, உள்ளேயிருந்து ஒரு வளையத்தை எடுத்து விளக்கின் கீழ் பிடித்தார். மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் வெடிப்பு தெரிந்தது. எனக்குக் கண்ணை நாலு தடவை மூடித் திறந்த பிறகுதான் தெரிந்தது. தலைமயிர் மாதிரி ஒரு கோடு, உள்பக்க விளிம்பில். அவர் சத்தம் போடவில்லை. "அக்கா, கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கினு வாங்க. ஒரு மாசம் டைம் தர்றேன். இல்லன்னா உங்களைப் பேக்கிங்குக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழி கெடையாது" என்றார். பேக்கிங் என்பது வளையத்தை எண்ணிப் பையில் போட்டு ஒட்டுவது. அதற்குக் கண் வேண்டாம், கை போதும்.

பிரசவத்தை விட்டால், வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். பூந்தமல்லியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு கீழிமைகளிலும் மெல்லிய காகிதப் பட்டையை மாட்டிவிட்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்களாம். எடுத்துப் பார்த்தபோது காகிதத்தின் முனை மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது, மீதியெல்லாம் காய்ந்தே இருந்தது. பஸ்ஸில் கொய்யாப்பழம் வாங்கித் தந்த கண் அது.

"கண்ணீர்னா வெறும் தண்ணி இல்லம்மா. அதுல எண்ணெயும் இருக்கணும், வழவழப்பும் இருக்கணும். உங்களுக்கு அந்தப் படலமே சரியா இல்ல. கண்ணு காய்ஞ்சு எரியுது. எரியறப்ப திடீர்னு தண்ணி கொட்டுது. அந்தத் தண்ணி கண்ணைக் காப்பாத்தாது" என்றார். அதுவரை எனக்குப் புரிந்தது. அடுத்து அவர் கேட்டதுதான் புரியவில்லை. "வயிறு எப்படிம்மா இருக்கு?"

"நான் கண்ணுக்குத்தான் வந்தேன் டாக்டர்" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவர் சிரித்தார். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டார். "குடலுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கு. நமக்கு நல்லது செய்யறதுதான் அதுல நிறைய. வெளியிலேருந்து நோய் வந்தா எதிர்க்கறதுக்கு உடம்புல ஒரு காவல் இருக்கு இல்லையா, எது நம்மாளு, எது எதிரின்னு அந்தக் காவலுக்குப் பழக்கறதுல இந்த நுண்ணுயிருக்கும் பங்கு இருக்கு. அதுங்க கலைஞ்சுபோனா காவல் தடுமாறலாம். அந்தத் தடுமாற்றம் கண்ணீர்ச் சுரப்பி வரைக்கும் போகுமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. தொடர்பு இருக்கற மாதிரி தெரியுது, ஆனா இன்னும் முடிவா எதுவும் சொல்ல முடியாது. உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். உங்க வயசு, அந்த விளக்கு, கண் சிமிட்டாம பார்க்கற வேலை, எல்லாமே காரணமா இருக்கலாம்" என்றார். பிறகு, "ஆன்டிபயாட்டிக் அடிக்கடி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்காருங்க" என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொன்ன அதே குரலில். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இந்த ஒரு வருஷத்துல என்னென்ன மாத்திரை, ஒவ்வொண்ணும் எத்தனை நாள், எழுதிட்டு வாங்கம்மா. கெட்ட கிருமியைக் கொல்ற மாத்திரை நல்லதையும் சேர்த்துத்தான் கொல்லும்" என்றார். ஷேர் ஆட்டோவில் வரும்போது வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு வந்தேன். எனக்குள் இவ்வளவு பேர் குடியிருந்திருக்கிறார்கள், எனக்கே தெரியாமல் எனக்காக வேலை பார்த்திருக்கிறார்கள். மாதாமாதம் நான் அவர்கள்மேல் மருந்தைக் கொட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனேன். இவரிடம் கேட்டால் பட்டியல் ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை. இவர் முதுகைத் திருப்பி அலமாரியில் தேடிக்கொண்டிருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை. நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். "ரெண்டு நாளுக்குப் போதும்ணே" என்றாள் அவள். இவர் திரும்பாமலே ஆரம்பித்தார். "ரெண்டு நாளுக்குலாம் குடுக்க மாட்டேன். இது இன்னா சாக்லெட்டா? ஆன்டிபயாட்டிக்கு. அஞ்சு நாளுன்னு எய்தி கீதுல்ல? அஞ்சு நாளும் போடணும். ரெண்டு நாளுல கொறஞ்சிட்ச்சின்னு நிறுத்தினா கிருமி சாவாது, அடுத்த தபா இந்த மருந்தே கேக்காது. வவுறும் கெட்டுப் பூடும். தயிரு சோறு குடு. மிச்சம் மீதிய எடுத்து வெச்சி வேற யாருக்கும் குடுத்துறாத, புரிதா?"

அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டி முழு அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். எல்லாரும் அவளைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதனால்தான் டப்பா நிறைகிறது. ஆனால் அவர் எல்லாரிடமும் சொல்கிறார். பதினாறு வருஷக் குடித்தனத்தில் இதில் ஒரு வரியைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னாமே, டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்றார். கண் காய்ந்திருக்கிறதாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கேட்க நிறைய இருந்தது. எங்கே, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

டப்பாவைக் கட்டில்மேல் கொட்டினேன். வேலை மேஜையில் செய்கிறபடியே நிறம் வாரியாகப் பிரித்தேன். டாக்டர் கேட்ட பட்டியலை எழுத நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத முடியவில்லை. ஒரு துண்டில் பெயரின் தலை இல்லை, இன்னொன்றில் வால் இல்லை. பல துண்டுகளில் வெறும் வெள்ளித்தாள்தான். இத்தனை வருஷம் என் உடம்புக்குள் போனது என்னவென்று எனக்குச் சொல்ல ஒரு எழுத்து மிச்சமில்லை. நாற்பது காசு பெறாத ரப்பர் வளையத்துக்கு லாட் தெரியவில்லை என்று தூக்கிப் போட்டவள் நான். என் வாய்க்குள் போனதைத் திருப்பிப் பார்த்ததில்லை. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலும் வந்தது. அந்தப் பாதி இன்னும் ஆறவில்லை.

சாப்பாட்டுக்கு வந்தவரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கடையில் நான் கேட்டதைச் சொல்லவில்லை. குடல், நுண்ணுயிர், காவல் என்று எனக்கு நினைவிருந்தபடி சொல்லிக்கொண்டு போனேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இதனாலதான்னு கண்டிப்பா சொன்னாங்களா?"

"இல்ல. இருக்கலாம்னாங்க."

"அப்பறம் இன்னா? நீ வேல செய்ற லைட்டு அப்டி. எல்லாத்துக்கும் மாத்திரையத் தூக்கிப் பழி போடறது இப்ப ஒரு பேஷனாப் பூட்ச்சி" என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன்.

டாக்டர் தந்த செயற்கைக் கண்ணீர் மருந்தை இரண்டு மணிக்கு ஒரு தடவை விட்டேன். வெந்நீரில் துணி நனைத்து இமைமேல் ஒத்தடம் கொடுத்தேன். தயிரும் மோரும் சாப்பிட்டேன், டாக்டர் சொல்லாத மாத்திரை எதையும் தொடவில்லை. எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒரு மாசம் முடிந்து டாக்டர் தந்த சீட்டில், நாள் முழுவதும் பூதக்கண்ணாடி வேலை இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். ஸ்டாம்பைக் கேட்டு வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டாள். நான் பேக்கிங் பக்கம் போய் வளையங்களை எண்ண ஆரம்பித்தேன். அன்று மத்தியானமே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொய்யில்லை, உண்மையாகவே உடம்பு கதகதவென்று இருந்தது. தொண்டையும் வலித்தது. அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஃபேனைப் போட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி, மேஜை போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். "உடு. உக்காந்து எண்ற வேலதான, கண்ணுக்கு நல்லது" என்றார். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து டப்பாவை இறக்கினார்.

எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. அவர் விரல்கள் உள்ளே தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தன. வெள்ளித்தாள் சரசரவென்று சத்தம் போட்டது. மூன்று மாத்திரை உள்ள துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "இது அது இல்லம்மே, இது வேற" என்றார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"அஞ்சு நாளு போடணும்னு கடைக்கு வர்றவங்க கைல சொல்றீங்களே," என்றேன். "அன்னிக்கு உங்க பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். எனுக்கு மட்டும் ஏன் மூணு மாத்திர?"

அவர் கை அப்படியே நின்றது. சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "வேஸ்ட்டாப் போவுதேன்னுதாம்மே" என்றார், மெதுவாக. "உனுக்கு சரியாத்தான ஆய்க்கினு இருந்துச்சி. நீயும் ஒண்ணும் சொன்னதில்ல." அதில் பொய் இல்லை. நான் ஒன்றும் சொன்னதில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. மகளுக்குப் பதினாலு வயது. இந்த வீட்டில்தான் வளர்ந்தாள், இந்தக் காய்ச்சலும் சளியும்தான் அவளுக்கும் வந்தன. அவளும் சில நாளாகப் படிக்கும்போது கண்ணைக் கசக்குகிறாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"பாப்பாவுக்கும் இதுலருந்துதான் குடுத்தீங்களா?"

அவருக்கு அப்படியொரு கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "இன்னா பேச்சு பேசற நீ? அவ கொயந்த. அவளுக்குப் போய் இந்த டப்பாலருந்து குடுப்பனா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு குடுத்துகீறனா சொல்லு? அவளுக்கு எப்பவும் புது அட்டதான். டாக்டராண்ட காட்டி, தேதி பாத்து, நாளு கணக்கா எண்ணிதான் குடுத்துகீறன். போன்ல அலாரம் வெச்சிக் குடுத்துகீறன். தெரிமா உனுக்கு?"

தெரியும். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் குமணன்சாவடியில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் வண்டியில் கூட்டிப்போவார். கடையிலிருந்து கத்தரி படாத அட்டையைக் கொண்டுவருவார். வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்ப்பார். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் அவர் போனில் மணி அடிக்கும். என்ன பொறுப்பான அப்பா என்று நான்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவேன்.

அம்மாவாக எனக்கு உயிர் திரும்பி வந்தது. என் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். அந்த நிம்மதி ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அது அடங்கியதும்தான் அவர் சொன்னது எனக்கு முழுதாகக் கேட்டது. டாக்டரம்மாவின் ஆராய்ச்சி நாளைக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும் முடியட்டும், என் கண் அந்த மாத்திரையால் காய்ந்ததோ விளக்கால் காய்ந்ததோ, அது இனிமேல் எனக்கு முக்கியமில்லை. பதினோரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே காய்ச்சலுக்கு, யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

அவர் என் கன்னத்து ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழாதம்மே. தப்புதான். இன்னிக்கே தூக்கிப் போட்டுடறன். அழாத" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கன்னத்தைத் துடைக்க வந்தார்.

"அழல," என்றேன். "ஃபேன நிறுத்துங்க."